அவரவர் செலவு

சன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சிஸ்டர். எனக்கு வேண்டாம். காற்று பட்டால் இந்த இடது காது கூவத் தொடங்கிவிடும். இந்த ஓரத்தில் இருந்தால்தான் எனக்கு முன்பக்கமும் தெரியும். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் பச்சைச் சேலை கட்டி, முக்காடு போட்டு ஒருத்தி இருக்கிறாள் பாருங்கள். அவள் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சாத்தூரில் ஏறியபோது எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. யாரென்று கேட்காதீர்கள், நானே சொல்வேன்.

கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்குவதைப் பார்த்துத்தான் சிஸ்டர் என்று கூப்பிட்டேன். டூட்டி முடிந்து போகிறீர்களா? தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் பேசிக்கொண்டுதான் வருவேன். நான் பேசாமல் இருந்தால் காதுக்குள் இருக்கிறது பேச ஆரம்பித்துவிடுகிறது.

மதுரைக்குத்தான். மேல் கோர்ட்டுக்கு. அப்பீல் போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மேல். வீட்டுக்காரர் என்று நான் சொல்லக் கூடாதாம். குடும்பக் கோர்ட்டில் அப்படித்தான் தீர்ப்பாகியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷருக்குப் பொங்கிப் போட்டேன். ஒரு மகன், ஒரு மகள், மகள் வழியில் ஒரு பேரன். ஆனால் சட்டப்படி அவர் எனக்கு யாரோ. தாலி கட்டினது கட்டினதாகாதாம். அப்படியானால் நான் யார் என்று கேட்டால் அதற்குக் காகிதத்தில் பதில் இல்லை. ஊரில் பதில் இருக்கிறது. அந்த வார்த்தையை நான் ஒரே ஒரு நாள்தான் வாயால் சொல்லியிருக்கிறேன், அதுவும் கூண்டில் நின்று.

என் பெயர் சீனியம்மாள். அவர் பெயர் கொம்பையா. எட்டயபுரம் சந்தையில் ஆட்டுத் தரகர். எங்கள் பக்கம் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார் என்றால் விற்கிறவனும் சிரிப்பான், வாங்குகிறவனும் சிரிப்பான். கை அப்படிப்பட்ட கை. ஆட்டின் முதுகைத் தடவியே எடை சொல்லிவிடும்.

எனக்கு முன்னால் அவருக்கு ஒருத்தி இருந்தாள். மூக்கம்மாள் என்று பெயர். அவளோடு உறவைத் தீர்த்துவிட்ட பிறகுதான் என்னைக் கட்டினார். எங்கள் சனத்தில் அதற்குக் கோர்ட்டெல்லாம் வேண்டாம். நாலு பெரியவர்களைக் கூட்டி, ஆண்பிள்ளை ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுத்தால் தீர்ந்தது. கூடியிருக்கிறவர்கள் வெற்றிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பிறகு அவள் வேறு வீடு போகலாம், அவன் வேறு பெண் பார்க்கலாம். என் அப்பா அந்தக் கூட்டத்தில் இருந்தவர். "தீர்ந்துபோச்சுத்தா, ஒரு வில்லங்கமும் இல்ல" என்று என்னிடம் சொன்னார். நான் துரும்பைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணை அந்தக் கூட்டத்துக்கு யார் கூட்டிப் போவார்கள்?

அடிப்பாரா என்று கேட்கிறீர்கள். அடிக்காமல் இருப்பாரா?

சனிக்கிழமை சந்தை. லாபம் வந்தால் லாபத்தைக் குடிப்பார், நட்டம் வந்தால் நட்டத்தைக் குடிப்பார். அதனால் சனிக்கிழமை மத்தியானமே நான் தலையில் சொட்டச் சொட்ட எண்ணெய் வைத்துவிடுவேன். முடி வழுக்கும், பிடி கிடைக்காது. மூன்று வாரம் என் யோசனை பலித்தது. நாலாவது வாரம் அவர் குனிந்து தரையில் மண்ணைத் தொட்டுக்கொண்டு பிடித்தார். புத்திசாலி மனுஷர். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்.

இந்தக் காது மகன் வயிற்றில் இருந்தபோது. சோற்றில் கல் கிடந்தது, அவ்வளவுதான். இலையில் இருந்து எழக்கூட இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே எச்சில் கையால் ஓர் அறை. சோற்றுப் பருக்கை காதுக்குள் போய்விட்டது. சத்தமெல்லாம் போய் ஒரு சங்கு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் ஊதுகிறது. பல் போனது மகள் பிறந்த வருஷம். கையில் இந்தச் சூடு, பாருங்கள், அடுப்பில் வைத்துத் தேய்த்தது. அது அவருடைய அம்மா செத்த வருஷம், மனசு சரியில்லாமல் இருந்தார்.

ஒரு நாள் ஆட்டுக் கொட்டிலில் தூணோடு கட்டிப் போட்டார். ஆட்டுக் கயிற்றால்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை. சித்திரை வெயில். வாயிலும் மூக்கிலும் ரத்தம். ஆட்டுக்கு உப்பென்றால் உயிர், உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. ஒவ்வொன்றாக வந்து என் முகத்தை நக்கின. ரத்தம், வேர்வை, கண்ணீர், எல்லாம் உப்புத்தானே. சொரசொரவென்று நாக்கு. எனக்கு வலியோடு வலியாகச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாசலில் நின்று பார்த்து அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அழுவதற்காகச் சொல்லவில்லை. கேஸுக்கு வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

பிறகு அவருக்கு ஒருத்தியோடு பழக்கம் ஆயிற்று. கடலையூர் பக்கம், புருஷன் செத்தவள், மூன்று ஏக்கர் கரிசல் அவள் பேரில். அதற்கு மேல் எங்கள் வீட்டுக்கு அரிசி வருவது நின்றுவிட்டது. மகள் வீட்டுப் பக்கத்தில் ஒரு வக்கீல் சொன்னார் என்று ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டேன். என்னமோ அரிசி கேட்பது மாதிரிதான் கேட்டேன். அதற்கு அவர் எதிர்மனுப் போட்டார். என்னவென்று? நான் அவர் பெண்டாட்டியே இல்லை என்று. மூக்கம்மாளைத் தீர்க்கவே இல்லையாம். துரும்பே கிள்ளவில்லையாம். முதல் பெண்டாட்டி இருக்கும்போது இரண்டாவது கட்டினது சட்டப்படி செல்லாதாம். தன் கல்யாணம் செல்லாது என்று தானே கோர்ட்டில் கேட்கிற ஆண்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

விசாரணை நாளில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி ஒரு பெண். கண்ணாடி போட்டு, முடியை ஒட்ட வெட்டி, சின்ன முகம். என் வீட்டுக்காரருடைய வக்கீல் எழுந்து கேட்டார்.

"என் கட்சிக்காரர் உங்கள மனைவியா நடத்துனார்னு சொல்றீங்க. அதுக்கு என்ன அத்தாட்சி? பத்திரிகை இருக்கா? போட்டோ இருக்கா?"

"போட்டோவை அவரே அடுப்புல போட்டுட்டாரு" என்றேன்.

"அப்ப அத்தாட்சி ஒண்ணும் இல்ல?"

"ஏன் இல்ல? இருக்கு" என்று இரண்டு கையையும் நீட்டினேன். வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டினேன். மயிரை ஒதுக்கி மண்டைத் தழும்பைக் காட்டினேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை சிஸ்டர். "அம்மா, இவரு ஆட்டுத் தரகரு. விக்கிற ஆட்டு மேல கம்பு படவே விடமாட்டாரு. தோல்ல தழும்பு கண்டா விலை கொறைஞ்சிரும். வீட்டுக்குன்னு வச்சுக்கிற ஆட்டத்தான் அடிப்பாரு. வைப்பாட்டின்னு சொல்லுதாகளே, வைப்பாட்டிய யாராச்சும் அடிப்பாகளா? வைப்பாட்டிக்கு அல்வா வாங்கியாருவாக, பூ வாங்கியாருவாக. எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்திருக்காரான்னு கேளுங்க. பொண்டாட்டியா இல்லாட்டி இந்த அடி அடிச்சிருப்பாரா?" என்றேன்.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. சரியான இடத்தில் அடித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க சொல்றது வேற கேஸும்மா. அதுக்குத் தனியா புகார் கொடுக்கலாம்" என்றார். அவருக்குப் புரியவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்தாற்போல் என் வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றினார்கள். வெள்ளை வேட்டி, விபூதி. என் வக்கீல் கேட்டார், இந்த அம்மாவை அடித்தீர்களா என்று. அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் அந்தப் பொம்பள மேல கை நீட்டினதே இல்ல."

சிஸ்டர், அரிசி தராமல் விட்டதை நான் பொறுத்தேன். இன்னொருத்தி வீட்டில் படுத்ததைப் பொறுத்தேன். இதை எப்படிப் பொறுப்பது? இருபத்திரண்டு வருஷம். எத்தனை சனிக்கிழமை. என் உடம்பில் அவர் கை படாத இடம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் இல்லை என்று சொல்லிவிட்டு, விபூதி கலையாமல் இறங்கிப் போகிறார். செருப்பைக் கழற்றி எறிந்தேன். அவர் மேல் படவில்லை, குமாஸ்தா மேல் பட்டது. போலீஸ்கார அம்மா வந்து என்னை வெளியே கூட்டிப் போனாள்.

தீர்ப்பில் அவருக்குத்தான் ஜெயம். துரும்பு கிள்ளியதற்குச் சாட்சி இல்லை, அதனால் என் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லையாம், அவர்கள் சட்டப்படி அவருடைய பிள்ளைகள்தானாம். நான்தான் இல்லை. குட்டி உண்டு, ஆடு இல்லை. சந்தையில் போய் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

படித்து முடித்துவிட்டு அந்த நீதிபதி அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டார். மெதுவாகச் சொன்னார். "இனிமே நீங்க அவருக்குப் பயப்பட வேண்டியதில்ல. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்னு யாரும் உங்களக் கட்டாயப்படுத்த முடியாது. போங்கம்மா, நல்லா இருங்க." நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். பெரிய படிப்பு. ஆனால் கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

தீர்ப்பின் கடைசி வரியை என் மகன்தான் வாசித்துக் காட்டினான். அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும் என்று போட்டிருந்தது.

அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "விட்டுது சனியன்னு நெனச்சுக்கம்மா. செல்லாதுன்னு சொன்னதே நமக்கு நல்லது. எங்கூட வந்திரு. ஒரு ரூம் இருக்கு, ஒரு கேஸ் அடுப்பு இருக்கு, போதும்" என்றான். அப்பனைச் சனியன் என்கிறான். வாயிலேயே போட்டேன். கையில் தூக்குவாளி இருந்தது, அதோடு போட்டேன். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனவன்தான், இன்றுவரை போன் எடுப்பதில்லை. அதையும் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

அப்பீலுக்கு முப்பது நாள் கெடு சொன்னார்கள். தீர்ப்பு நகல் வாங்க ஒரு செலவு. அதை டைப் அடிக்க ஒரு செலவு. மதுரை வக்கீலுக்கு, அவருடைய குமாஸ்தாவுக்கு, போகிற பஸ்ஸுக்கு, வருகிற பஸ்ஸுக்கு. முதலில் என் ஆடுகள் போயின. அதையும் என் வீட்டுக்காரர் நிற்கிற சந்தையிலேயே, அவர் கண் முன்னாலேயே விற்றேன். என் ஆட்டுக்கு அவர் விலை கேட்கவில்லை. பிறகு தோடு போயிற்று. பிறகு தாலி. நகைக்கடைக்காரர் நல்ல மனுஷர், "நீங்களே கழட்டிக் குடுங்கம்மா, நான் தொடமாட்டேன்" என்றார். இப்போது மஞ்சள் கிழங்கு கோத்திருக்கிறேன், பாருங்கள். அது எதற்குக் குறைச்சல்? கயிறு அவர் கட்டின கயிறு இல்லைதான், கயிறு வருஷா வருஷம் மாற்றுகிறதுதானே.

மதுரை வக்கீல் சின்ன வயசு. ஒரு நாள் கேட்டார்: "ஜெயிச்சா உங்களுக்கு என்ன கிடைக்கும்னு யோசிச்சீங்களாம்மா?"

"பேரு கிடைக்கும் சார்."

"ஜெயிச்சா நீங்க அவர் மனைவி. அவ்வளவுதான். புரியுதா?"

"அது போதும் சார். அதுக்குத்தான வந்திருக்கேன்" என்றேன். பிறகு வக்கீல் சொன்னார், அடிபட்ட கதை மேல் கோர்ட்டில் உதவாது. துரும்பு கிள்ளியதைக் கண்ணால் பார்த்த ஆள் வேண்டும். புதுச் சாட்சியம் என்று மனுப் போட்டு உள்ளே கொண்டுவரலாம். அந்தக் கூட்டத்தில் இருந்த பெரியவர்களில் என் அப்பாவோடு இன்னும் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிஞ்சியவர் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து குடிக்கிறவர். "அப்ப முதல் மனைவிதான் மிச்சம். அந்தம்மாவே வந்து, எங்கையில துரும்பு கிள்ளிக் குடுத்தார்னு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா, நமக்கு ஒரு பிடி கிடைக்கும்" என்றார்.

விசாரித்து விசாரித்து நேற்று மத்தியானம் கண்டுபிடித்தேன். சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல்காரர்களுக்குக் காய் வெட்டுகிறாள். ஆமாம், அதோ அந்தப் பச்சைச் சேலைதான். மூக்கம்மாள்.

நான் போனபோது பந்தி முடிந்து சமையல்காரர்களெல்லாம் மேல்மாடியில் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் அடுத்த நாள் கல்யாணத்துக்குப் பூசணிக்காயை அரிவாள்மனையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டு வளைந்து போயிருந்தது, விறகுக் கட்டை மாதிரி. அந்தக் கையால் காயை முட்டுக்கொடுத்துக்கொண்டு வலது கையால் தள்ளினாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"கொம்பையா பொண்டாட்டிதான நீ?"

அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எப்படிக்கா தெரியும்?"

"காதைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கியே. அவன் வலது கைக்காரன். எதுக்க நிக்கிறவளுக்கு இடது காதுதான் போகும். எனக்குக் காது தப்பிச்சுது, நான் கையைக் குடுத்துத் தடுத்தேன். அதான் கை போச்சு. உக்காரு. பாயசம் இருக்கு, குடிக்கியா?"

பாயசம் குடித்தோம். சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசினாள். "மண்ணத் தொட்டுக்கிட்டு முடியப் பிடிப்பானே, இப்பவும் உண்டா?" என்று கேட்டாள். நான் என்னமோ எனக்காக அவர் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். இவளுக்கும் அது நடந்திருக்கிறது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு விஷயத்தைச் சொன்னேன். துரும்பைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி சீனி, ஒனக்கு விஷயமே தெரியாதா? அவன் எங்க துரும்பு கிள்ளுனான்? கிள்ளுனா எங்கப்பன் போட்ட நகையத் திருப்பித் தரணுமே. மூணு கூட்டம் போட்டாக. மூணு கூட்டத்துலயும் துரும்பத் தொடமாட்டேன்னுட்டான். எனக்குக் கையில மூங்கில் பத்தை வச்சுக் கட்டியிருக்கு. எத்தன நாளு அங்கன உக்காந்து அவன் முகத்தப் பாக்க? பக்கத்துல மாட்டுக்கு வைக்கோல் கெடந்துச்சு. ஒரு துரும்ப உருவுனேன். ஒரு கையால கிள்ள முடியல. பல்லுல வச்சுக் கடிச்சேன். கடிச்சு அவன் மூஞ்சில துப்புனேன்."

"பொம்பளையா?"

"பொம்பளைதான். பொம்பள கடிச்சா செல்லாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. சோறு ஆறிப்போகுதுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. வெத்தலைய எடுத்துட்டு எந்திரிச்சிட்டாக. ஒங்கப்பனும்தான் எடுத்தாரு. நான் அன்னிக்கு நடக்க ஆரம்பிச்சவ, சாத்தூர்ல வந்து நின்னேன்."

எனக்கு மண்டைக்குள் சங்கு ஊதியது. அப்பா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் வில்லங்கம் இல்லை என்றிருக்கிறார். அதெல்லாம் செத்துப்போனவரோடு என்ன பேச்சு. நான் இவளிடம் கெஞ்சினேன். "அக்கா, அவரு கிள்ளுனாருன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒனக்கு அதுல என்ன கொறைஞ்சுபோகுது? நீ தப்பிச்சிட்ட. எனக்குப் பேராவது கெடைக்கட்டும்."

அவள் அரிவாள்மனையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எங்கைய முறிச்சவன் அவன். துரும்ப முறிச்சவ நான். ரெண்டையும் அவன் பேர்லயே எழுதிக் குடுக்கச் சொல்லுதியா? அந்த ஒண்ணுதாண்டி என் ஆயுசுல நானாச் செஞ்சது. மாட்டேன். அதோட, நான் அப்படிச் சொன்னா ஒன்னய மறுபடியும் அவன்கிட்டல்லா கட்டி வைப்பாக? ஒரு கோர்ட்டு அவுத்து விட்டுருக்கு. போயி எங்கயாச்சும் நல்லாப் பொழைப்பியா!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! தீர்ப்புச் சொன்ன அம்மாவும் இதையே சொன்னார், பெற்ற மகனும் இதையே சொன்னான், இவளும் இதையே சொல்கிறாள். நான் என்ன கேட்கிறேன் என்று ஒருத்தருக்கும் காது இல்லை. முடியைப் பிடித்தேன். அவளும் சமையற்கட்டு ஆள், தலையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, வழுக்கிக்கொண்டு போயிற்று. குனிந்து அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பிடித்தேன். பிடி கிடைத்தது. சுவரில் ஒரு தடவை, அண்டாவில் ஒரு தடவை. சாதக் கரண்டியை எடுத்து முதுகில் நாலு. முகத்தில் கை வைக்கவில்லை. கையெழுத்துப் போட வருகிறவள் முகம் வீங்கியிருந்தால் வக்கீல் என்ன நினைப்பார்? "சொல்லுவியா, சொல்லமாட்டியா, சவத்து மூதி" என்று கேட்டுக்கொண்டே அந்த வளைந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். பழைய முறிவுதான். அந்த இடம் தானாகவே என் கைக்குக் கிடைத்தது. நறுக்கென்று ஒரு சத்தம்.

அவள் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவன் கையேதான்."

சிஸ்டர், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நினைத்துப் பாருங்கள். அவரோடு வாழ்ந்தவள், அவர் கையை அறிந்தவள் சொல்கிறாள், இது அவர் கை என்று. ஒரு மனுஷரோடு இருபத்திரண்டு வருஷம் பெண்டாட்டியாக இருக்காமல் கை இப்படி வருமா? இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இதை எந்தக் கோர்ட்டில் போய் நான் காட்டுவேன்?

அவள் உட்கார்ந்துவிட்டாள். "வாரேன். கையை விடு" என்றாள். ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, காலையில் கிளப்பிக் கொண்டுவந்தேன். அதனால்தான் முக்காடு. கையை அதற்குள்தான் வைத்திருக்கிறாள். வாங்கிக் கொடுத்த இட்லியைத் தொடவில்லை. கையெழுத்துப் போட வலது கை போதுமே, அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? மதுரை இன்னும் வரவில்லையே. திருமங்கலம்தானே வருகிறது. ஓ, அவளைப் பார்க்கவா? வேண்டாம் சிஸ்டர், உட்காருங்கள். தூங்குகிறாள். வீக்கம் தானாக வடியும், எனக்கு எத்தனை வீக்கம் வடிந்திருக்கிறது. நர்ஸுகளுக்குச் சும்மா இருக்க முடியாது போல. சரி, பாருங்கள், ஒரு வலி மாத்திரை இருந்தால் கொடுங்கள். ஆனால் அவள் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், அவளுக்கு என் மேல் பொறாமை.

என்ன அங்கே இரண்டு பேரும் குசுகுசுவென்று? சிஸ்டர், முக்காட்டை ஏன் விலக்குகிறீர்கள்? பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிறார்களே. அது பழைய முறிவு அம்மா, பழைய முறிவு! இடம் கொடுங்கள், நான் முன்னால் போக வேண்டும். ஐயா, காலை எடுங்கள்.

கண்டக்டர் தம்பி, ஏன் வண்டி நிற்கிறது? இங்கே யாரும் இறங்கவில்லை. விசில் அடி. எங்களுக்கு மதுரைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறது, இரண்டு டிக்கெட், இதோ பார். ஏட்டி மூக்கம்மா, நில்லு! சிஸ்டர், அவள் தோளை விடுங்கள். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போகலாம், முதலில் வக்கீலிடம் போகட்டும். அவள் இறங்கினால் என் கேஸ் போய்விடும் சிஸ்டர், எல்லாம் வித்துப் போட்ட கேஸ், உங்களிடம் இவ்வளவு நேரம் எதற்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன்? மூக்கம்மா, திரும்பிப் பாரு, நான் யாருன்னு இவங்ககிட்ட ஒரு தடவை சொல்லிட்டுப் போ! நேத்து சொன்னியே, நீயாத்தானே சொன்னே!

யார் அது பின்னால்? யார் என் தோளைப் பிடிப்பது? எடு கையை. கண்டக்டரானால் என்ன, யாரானால் என்ன, எடு. நான் கொம்பையாவின் பெண்டாட்டி. என் மேல் கை வைக்க அவர் ஒருத்தருக்குத்தான் பாத்தியதை.